முதல் கொக்கியில் குழிகள், சுத்தியல் தடங்கள், வளைவில் ஒரு கோடு: எதைச் சரிசெய்வது, எப்படிச் சரிசெய்வது?

புதுஉலை எழுதியது:

வணக்கம். இரும்பு அடிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் நான், 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியிலிருந்து சுவரில் மாட்டும் கொக்கி ஒன்றை அடித்து முடித்திருக்கிறேன். கம்பி சாதாரண மைல்டு ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த எஃகு. ஒரு முனையை நீட்டிக் கூராக்கிச் சிறு சுருளாகச் சுருட்டினேன். அதற்கு மேலே கொக்கியின் வளைவு வருகிறது. மறுமுனையைத் தட்டையாக்கித் திருகாணிக்கு இரண்டு துளைகள் இட்டிருக்கிறேன். வடிவத்தில் எனக்குக் குறையில்லை. மேற்பரப்புதான் கண்ணை உறுத்துகிறது.

குறைகளைப் பார்த்தபடியே சொல்லிவிடுகிறேன். தட்டையாக்கிய பகுதி முழுவதும் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்டின் ஒரு பக்கத்தில் பிறை வடிவத் தடங்கள் வரிசையாக விழுந்திருக்கின்றன. மற்றப் பக்கங்களில் அவ்வளவாக இல்லை. வளைவின் உட்புறத்தில், தண்டு குறுகத் தொடங்கும் இடத்தில், குறுக்காக ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. சுருளின் நுனி நடுவில் பிளந்து இரண்டு உதடுகளாக நிற்கிறது.

ஆங்கிள் கிரைண்டரால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழைத்துவிடலாமா, அல்லது மீண்டும் காய்ச்சி அடித்தால் இவை தாமாகவே மறையுமா என்று தெரியவில்லை. அரம் போட்டுப் பார்த்தேன்; கரும்படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர வெட்டவில்லை. இந்தக் கொக்கியில் பத்துப் பதினைந்து கிலோ எடை தொங்கப் போகிறது என்பதையும் கருத்தில் கொண்டு வழி சொல்லுங்கள். முடிந்தவரை அந்தக் கறுப்பு நிறத்தையும் காப்பாற்ற விரும்புகிறேன்.


பழையபட்டடை எழுதியது:

நண்பரே, நீங்கள் சொல்லியிருக்கும் நான்கு குறைகளும் நான்கு வெவ்வேறு காரணங்களால் வந்தவை. எனவே கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன், எது தோலோடு நிற்கிறது, எது உள்ளே இறங்குகிறது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். தோலோடு நிற்பதைச் சரிசெய்வது உங்கள் விருப்பம்; உள்ளே இறங்குவதைச் சரிசெய்வது கட்டாயம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கண்ணில் படும் குழிகளை நாள்முழுக்கத் தேய்த்து மெருகேற்றிவிட்டு, எடையைத் தாங்கும் இடத்திலுள்ள கோட்டைக் கீறல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

குழிகளை முதலில் பார்ப்போம். உலையில் காய்ந்த இரும்பின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செதிலாக மாறுகிறது. இரும்பை ஒட்டி உஸ்டைட், அதற்கு மேல் மேக்னடைட், எல்லாவற்றுக்கும் வெளியே மிக மெல்லிய ஹெமடைட் என்று அதில் மூன்று அடுக்குகள் உண்டு. சூடு ஏற ஏறவும், இரும்பு உலையில் கிடக்கும் நேரம் நீள நீளவும் இந்தச் செதில் தடித்துக்கொண்டே போகும். அடிக்கும் சூட்டில் இரும்பு இளகியிருக்க, செதிலோ கடினமாகவே நிற்பதால், அதைத் துலக்கி எறியாமல் போடும் ஒவ்வோர் அடியும் அதன் துணுக்குகளை இரும்புக்குள் பதித்துவிடுகிறது. அவற்றில் சில பின்னர் உதிர்ந்து வெறுங்குழியை விட்டுச்செல்லும். சில அங்கேயே தங்கிவிடும். குழிகளின் அடியில் நீங்கள் பார்த்த சாம்பல் நிறப் பொருள் இப்படித் தங்கியதுதான். பட்டடையின் (இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டையின்) மேல் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் செதிலும் இதே வேலையைக் கீழ்ப்பக்கத்தில் செய்யும் என்பதால், ஒவ்வொரு சூட்டுக்கும் பட்டடையையும் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

குழியின் அடியை மேலே உயர்த்த வழியில்லை. அதைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் குழியின் ஆழம்வரை இறக்கினால்தான் குழி மறையும். இதற்கு ஒரு விலை உண்டு. 12 மில்லிமீட்டர் சதுரத் தண்டின் நான்கு பக்கங்களிலும் 0.3 மில்லிமீட்டர் ஆழக் குழிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை முழுவதுமாக நீக்கினால் தண்டு 11.4 மில்லிமீட்டராகும். பார்வைக்கு இது பெரிய வேறுபாடில்லை என்றாலும், குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடும், வளைவைத் தாங்கும் வலிமையில் 14 விழுக்காடும் போய்விடும். தடித்த தண்டில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே நீட்டி மெலித்த பகுதியில் பொருட்படுத்தியே ஆக வேண்டும். உங்கள் கொக்கியில் குழிகள் தட்டையான பகுதியில்தான் இருக்கின்றன, அதன் பின்பக்கமும் சுவரோடு ஒட்டிவிடும். ஆகவே முன்பக்கத்தை மட்டும், அதுவும் ஆழமான குழி ஒன்றிரண்டை அப்படியே விட்டுவிட்டு இறக்கினால் போதும்.

பிறைத் தடங்கள் சுத்தியலின் விளிம்பு பதிந்ததால் வந்தவை. ஒரே பக்கத்தில் விழுகின்றன என்பது பயனுள்ள தகவல். பிறையின் வெட்டு உங்கள் உடலை நோக்கிய பக்கத்தில் ஆழமாக இருந்தால் பட்டடை உங்களுக்கு உயரமாக இருக்கிறது என்றும், எதிர்ப்பக்கத்தில் ஆழமாக இருந்தால் தாழ்வாக இருக்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அடி விழும் கணத்தில் கைப்பிடி தரைக்கு இணையாக நிற்கிறதா என்று வேறு ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். சுத்தியல் முகத்தின் விளிம்புகளையும் அரத்தால் மழுக்கி, முகத்தை மிக லேசாகக் குவிந்திருக்கும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். புதுச் சுத்தியல்கள் பல கூர்மையான விளிம்போடுதான் வருகின்றன.

இனி என்னைக் கவலைக்குள்ளாக்கும் கோட்டுக்கு வருகிறேன். தண்டு குறுகத் தொடங்கும் தோளைப் பட்டடையின் கூரான விளிம்பில் வைத்து அடித்திருந்தால், அந்த விளிம்பு இரும்பை லேசாக வெட்டியிருக்கும்; அடுத்தடுத்த அடிகள் வெட்டின் உதட்டை அதன் மேலேயே மடித்திருக்கும். மடிப்பின் இரு முகங்களிலும் செதில் படிந்திருப்பதால், எவ்வளவு அடித்தாலும் அவை ஒன்றோடொன்று பற்றுவதில்லை. மேலே மூடிக்கொண்டு உள்ளே பிளவாகவே இருக்கும். கொக்கியில் எடை தொங்கும்போது வளைவின் உட்புறம் இழுவிசைக்கு உள்ளாகிறது. வளைவை விரிக்கப் பார்க்கும் அந்த விசைக்குச் செங்குத்தாக, குறுக்காகப் பிளவு ஒன்று இருந்தால், அது திறந்துகொண்டே போகும். இதே கோடு தண்டின் நீளவாக்கில் ஓடியிருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

அது மடிப்பா, வெறுங்கீறலா என்று அறிய எளிய சோதனை உண்டு. அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். பிறகு மேற்பரப்பை முற்றிலும் உலரத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைப் பொடித்துப் பூசுங்கள். உள்ளே பிளவு இருந்தால், அதில் புகுந்திருந்த எண்ணெய் வெளியேறி வெண்மையின் மேல் ஈரக்கோடாகத் தெரியும். எண்ணெயை முழுவதுமாகக் கழுவி நீக்கும்வரை கொக்கியை நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். மடிப்பு என்று உறுதியானால், அதை அரத்தால் திறந்து அடிவரை வெட்டியெடுக்கும்வரை அந்த இடத்தில் இனிமேல் ஓர் அடிகூடப் போடக் கூடாது.

நுனியின் பிளவுக்கு மருந்து இல்லை. பிளவு முடியும் இடத்துக்கு அப்பால் அறுத்துவிடுங்கள்.


சம்மட்டி எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் குளிர்ந்த நிலையில் தேய்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், சூட்டில் சில நிமிடங்களில் முடியும் வேலைக்கு ஒரு நாளைச் செலவிடுவோம். அரமும் கிரைண்டரும் இரும்பைக் குறைக்கின்றன. சுத்தியல் இரும்பை நகர்த்துகிறது, அவ்வளவுதான். பிறைத் தடங்களைப் பொறுத்தவரை சுத்தியலால் வந்ததைச் சுத்தியலாலேயே நீக்குவது நல்லது.

மடிப்பை வெட்டியெடுத்த பிறகு, கொக்கியை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி, வெளியே எடுத்தவுடன் கம்பித் தூரிகையால் நான்கு பக்கங்களையும் வேகமாகத் துலக்குங்கள். தூரிகையை மென்மையாகத் தடவுவதால் பயனில்லை. தோள் வலிமை இறங்கும்படி, ஒரே திசையில் இழுக்க வேண்டும். செதில் தகடு தகடாகக் கழன்று விழுந்து, அடியிலிருந்து சீரான பரப்பு வெளிப்படும். அதன் பிறகு நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து, முகம் மெருகேற்றிய சுத்தியலால், மணிக்கட்டின் அசைவு மட்டும் இருக்கும்படி லேசான அடிகளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் மேல் பாதியாவது படிய வேண்டும். மங்கிய சிவப்பில் புதுச் செதில் மெதுவாகத்தான் உருவாகும் என்பதால், இப்படி அடித்த பரப்பில் மீண்டும் குழி விழாது. மைல்டு ஸ்டீலாக இருப்பதால் சிவப்பு மறைந்த பிறகும் லேசாகத் தட்டலாம். கார்பன் மிகுந்த எஃகில் மட்டும் இந்தத் துணிவு வேண்டாம். அது அந்தச் சூட்டில் விரிசல் விட்டுவிடும். தட்டையான பகுதிக்குச் சமன்சுத்தி இருந்தால் அதை மேலே வைத்து இன்னொருவரை அடிக்கச் சொல்லலாம், இல்லையென்றாலும் நட்டமில்லை.

தட்டையான வேலைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பட்டடையின் முகத்தையும் சுத்தியலின் முகத்தையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, உலையில் காய்ந்த இரும்பை அடித்தால், இடையில் அகப்பட்ட நீர் ஒரு நொடியில் ஆவியாகி வெடித்துச் செதிலைப் பிய்த்தெறியும். ஜப்பானியக் கொல்லர்கள் வாள் அலகுகளில் இப்படிச் செய்வது வழக்கம். வெடியோசை பலமாக இருக்கும், செதில் நாலாபுறமும் தெறிக்கும். ஆகவே பக்கங்களும் மூடிய கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாமல் இதை முயல வேண்டாம்.

குழிகளுக்கு மூலகாரணம் உலையிலும் இருக்கக்கூடும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். கரி உலையில் இரும்பைக் காற்று வரும் துளைக்கு மிக அருகில் வைத்தால், எரிந்து முடியாத ஆக்சிஜன் நேராக இரும்பின் மேல் வீசும். நெருப்புக் குவியல் ஆழமாக இருந்து, இரும்பு அதன் நடுவிலோ சற்று மேலேயோ கிடந்தால், ஆக்சிஜன் கரியோடே தீர்ந்துவிடும். வாயு உலையில் காற்றைச் சற்றே குறைத்து எரித்தாலும் செதில் குறையும். ஆனால் அப்போது கார்பன் மோனாக்சைடு அதிகமாக வெளிவரும் என்பதால், காற்றோட்டமில்லாத அறையில் அதைச் செய்யவே கூடாது. இரும்பைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் பழக்கம் எல்லாவற்றிலும் கெட்டது. வெண்சூட்டில் பொறி பறக்கத் தொடங்கிவிட்டால் அந்த இரும்பு எரிந்துவிட்டது என்று பொருள். அப்படி எரிந்த பரப்பு பொருக்குப் பொருக்காக, தொட்டால் உதிர்வதாக இருக்கும். அதை எந்த வேலையாலும் மீட்க முடியாது. உங்கள் விவரிப்பில் அது இல்லை என்பது நல்ல செய்தி.


அரவோசை எழுதியது:

சம்மட்டி சொன்ன முறை பிறைத் தடங்களுக்குப் பொருந்தும். ஆனால் செதில் பதிந்த குழிகளுக்கு அதை அப்படியே பயன்படுத்தினால், உள்ளே இருக்கும் துணுக்கு இன்னும் ஆழமாகப் புதைந்து, மேலே இரும்பு மெல்லிய தோலாக மூடிக்கொள்ளவும் கூடும். அப்போதைக்குச் சரியானதாகத் தோன்றும் பரப்பு, பிறகு தேய்க்கும்போது மீண்டும் வாய் திறக்கும். ஆகவே சூட்டுக்குப் போவதற்கு முன் பதிந்த செதிலை வெளியே எடுத்துவிடுவதுதான் என் வழி.

அதற்குச் சமையலறை வினிகர் போதும். 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் கொண்ட சாதாரண வெள்ளை வினிகரில், பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில், கொக்கி முழுவதும் மூழ்கும்படி ஓர் இரவு ஊறவையுங்கள். அமிலம் செதிலின் விரிசல்கள் வழியாகப் புகுந்து அடியைக் கரைப்பதால், காலையில் அது கறுப்புச் சேறாக இளகியிருக்கும். தூரிகையால் தேய்த்தால் வந்துவிடும். குழிகளின் அடியில் இன்னும் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடியும் ஊறவிடுங்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும் என்பதால் மூடியை இறுக்கி மூடக் கூடாது. எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் நன்றாக அலசி, வெந்நீரில் கழுவி, உடனே துடைத்துச் சூடுகாட்டி உலர்த்திவிடுங்கள். இதில் சுணங்கினால் கண்ணெதிரே செந்துரு படியும். வினிகரைக் குளோரின் கலந்த வெளுப்பான் எதனோடும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் ஆவி பட்டறையிலுள்ள மற்ற எல்லாக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும், நுரையீரலையும் விட்டுவைக்காது. ஒரு கொக்கிக்காக அந்த வம்பு தேவையில்லை.

உங்கள் அரம் வழுக்கியதற்கும் காரணம் இதுவே. குளிர்ந்த மைல்டு ஸ்டீலைவிடச் செதில் கடினமானது. அதன் மேல் அரத்தை ஓட்டினால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். செதில் போன பிறகு அதே அரம் வெண்ணிறத் துகள்களாக வெட்டுவதைப் பார்ப்பீர்கள். அரத்தைப் பிடிப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் துகள் சிக்கிப் பரப்பைக் கீறுவது குறையும். தட்டையான முகம் ஓரளவு சமமானதும், அரத்தைக் குறுக்காக இரண்டு கைகளாலும் பிடித்து, நீளவாக்கில் இழுத்துத் தள்ளி இழையுங்கள். மேடுகள் மட்டும் பளபளக்கும், பள்ளங்கள் மங்கலாகவே நிற்கும். எங்கே இன்னும் எடுக்க வேண்டும் என்பதை அந்த வேறுபாடே காட்டிவிடும். பிறகு 80, 120, 220 என்று (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) உப்புத்தாளை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் திசையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். முந்தைய தாளின் கோடுகள் முற்றிலும் மறையும்வரை அடுத்த தாளுக்குப் போக வேண்டாம். கறுப்பாகவே விடப்போகும் வேலைக்கு 120க்கு மேல் போவது வீண்.

கிரைண்டரை நான் ஒதுக்கிவிடவில்லை. தட்டையான பகுதியில் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடல்களை அடுக்கிய தேய்ப்புத் தட்டை) ஓரிடத்தில் நிறுத்தாமல் நீளவாக்கில் ஓட்டினால் வேலை விரைவாக முடியும். ஆனால் வளைவின் உட்புறத்திலும் சுருளிலும் அது வெட்டிவிடும் பள்ளம், நீங்கள் நீக்க வந்த குறையைவிடப் பெரிதாக இருக்கும். அங்கே அரைவட்ட அரமும் எலிவால் அரமும்தான்.


புதுஉலை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வினிகரில் ஊறவைத்து எடுத்ததும் குழிகள் சுத்தமாகிவிட்டன. ஆழம் நான் நினைத்ததைவிடக் குறைவு, இரண்டு இடங்களைத் தவிர. ஆனால் வளைவிலிருந்த கோடு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. எலிவால் அரத்தால் அதைத் திறந்துகொண்டு போனேன். அரை மில்லிமீட்டர் இறங்கிய பிறகும் கோடு மறையவில்லை. நேராகக் கீழே போகாமல், தடித்த பகுதியை நோக்கிச் சாய்ந்து போகிறது. அந்த இடத்தில் தண்டின் கனம் இப்போது 9 மில்லிமீட்டர். எவ்வளவு ஆழம்வரை துரத்திக்கொண்டு போகலாம்? எந்த இடத்தில் கைவிட வேண்டும்? மின்வில் வெல்டிங் கொண்டு நிரப்பிவிடுவது ஏமாற்று வேலையாகுமா?

நுனியை அறுத்துவிட்டேன். அறுத்த முகத்தின் நடுவில் இன்னும் ஒரு சிறு புள்ளி கருமையாகத் தெரிகிறது.


பழையபட்டடை எழுதியது:

சாய்ந்து போகிறது என்று நீங்கள் சொன்னதிலிருந்தே அது மடிப்புதான் என்பது உறுதியாகிறது. உதடு மேலே படுத்துக்கிடப்பதால் கோடு சாய்வாகத்தான் போகும். எனவே நேராகத் தோண்டாமல், மேலே படுத்திருக்கும் அந்த மெல்லிய உதட்டைச் சீவியெடுக்கும் பாங்கில் அரத்தை ஓட்டுங்கள். பெரும்பாலும் மடிப்பின் நீளம் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். நீங்கள் அஞ்சும் அளவுக்கு இரும்பு போகாது. உதடு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று தெரியாவிட்டால், அந்த இடத்தை மங்கிய சிவப்புக்கு ஒருமுறை காய்ச்சி நிழலில் வைத்துப் பாருங்கள், அடிக்க வேண்டாம். அடித்தண்டோடு ஒட்டாத மெல்லிய உதடு மற்ற இடங்களுக்கு முன்பே கறுத்து, மடிப்பின் எல்லையைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு என் கணக்கு இது. 9 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்வரை இறங்கலாம்; அதற்குள் கோடு மறைந்துவிட்டால் பள்ளத்தின் இரு கரைகளையும் நீளமாகச் சரித்து, ஆழத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு அகலம் வரும்படி தேய்த்துவிடுங்கள். கூரான பள்ளமாக விட்டால் விசை முழுவதும் அங்கேயே குவிந்து புதுப் பிளவு தொடங்கும். அகலமான சரிவாக விட்டால் பார்ப்பவருக்கு அது வடிவத்தின் பகுதியாகவே தோன்றும். ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பிறகும் கோடு நிற்குமானால் அந்தக் கொக்கியில் பதினைந்து கிலோ தொங்கவிடக் கூடாது. துண்டு, சாவி என்று ஏதாவது மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது அங்கேயே அறுத்து, எஞ்சிய தண்டில் சிறிய கொக்கியாக மீண்டும் அடியுங்கள்.

வெல்டிங் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் மடிப்பின் மேலே ஒரு வரி ஓட்டி மூடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தீர்வு, ஏனென்றால் பிளவு அடியில் அப்படியே இருக்கும். அடிவரை வி வடிவத்தில் திறந்து, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, நிரப்பி, பிறகு ஆரஞ்சுச் சூட்டில் அந்த இடத்தை அடித்துச் சமப்படுத்தினால் வலிமையும் வரும், வெல்டிங் தடமும் பெரிதாகத் தெரியாது. உலையிலேயே போராக்ஸ் (செதிலைக் கரைக்கும் வெண்காரம்) தூவி ஒட்டிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். மூடிய மடிப்புக்குள் போராக்ஸ் புகுந்து செதிலைக் கரைப்பதை நம்ப முடியாது என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

நுனியில் கருமைப்புள்ளி இருந்தால் பிளவு இன்னும் முடியவில்லை. அந்தப் புள்ளி மறையும்வரை மெல்லிய சீவல்களாக மேலும் அறுத்தெடுங்கள். இது ஏன் வந்தது என்றால், சூடு குறைந்த இரும்பை நீண்ட கூராக இழுக்க லேசான அடிகள் போடும்போது மேற்பரப்பு மட்டும் முன்னால் ஓடுகிறது, நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது. முனை குழிந்து, பிறகு அந்தக் குழியே பிளவாக மூடிக்கொள்கிறது. அடுத்த முறை அதிகமான சூட்டில், கனமான அடிகளால், முனையில் முதலில் குட்டையான மழுங்கிய கூர் ஒன்றை அமைத்துக்கொண்டு, அதைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டு வாருங்கள். தோளுக்கும் இதே போல: பட்டடையின் ஒரு விளிம்பையாவது 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டித் தேய்த்துவைத்துக்கொண்டு, தோள் எடுக்கும் வேலை எல்லாவற்றையும் அங்கேயே செய்யுங்கள்.


தணலோரம் எழுதியது:

சரிசெய்யும் முறைகள் எல்லாம் வந்துவிட்டன. கறுப்பு நிறத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அரம் பட்ட இடங்கள் வெளுத்தும் மற்ற இடங்கள் கறுத்தும் நிற்கும் கொக்கி, குறைகளோடு இருந்ததைவிடப் பார்க்கப் பொல்லாததாக இருக்கும். வினிகரில் ஊறியதால் உங்கள் கொக்கி இப்போது முழுவதுமே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். ஆகவே சம்மட்டி சொன்ன அந்த ஒரு சூட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ச்சி, துலக்கி, மங்கிய சிவப்பில் தடங்களைத் தட்டி முடித்துவிட்டு, அப்படியே காற்றில் ஆறவிடுங்கள். எங்கும் ஒரே மாதிரியான மெல்லிய கறுப்பு படியும். ஆனால் அந்தக் கறுப்பு எதையும் மறைக்காது. 80 தாளின் கோடுகள் அடியில் இருந்தால் மேலேயும் தெரியும். அதனால் தாள் வேலையை முடித்துவிட்டுத்தான் சூட்டுக்குப் போக வேண்டும்.

ஆறிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் பட்டதும் லேசாகப் புகையும் சூட்டில் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தடவுங்கள். சூடு மிகுந்தால் எண்ணெய் எரிந்து போய்விடும், குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தேன்மெழுகும் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டுமே வீட்டுக்குள் மாட்டும் பொருளுக்குத்தான் தாங்கும். மழை படும் இடம் என்றால் இந்தக் கறுப்பின் மேல் ஆசை வைக்காமல், செதிலை முற்றிலும் நீக்கி முதற்பூச்சும் வண்ணமும் அடித்துவிடுங்கள். செதிலின் மேல் அடித்த வண்ணம், ஈரம் அடியில் புகுந்ததும் செதிலோடு சேர்ந்தே உரிந்துவிடும்.

மேற்பரப்பை எப்போது மெருகேற்றினாலும் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் வையுங்கள். துத்தநாகம் பூசிய கம்பியை இதுபோன்ற வேலைக்கு எடுக்காதீர்கள். அடிக்கும் சூட்டில் பூச்சு ஆவியாகி, அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கக் குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரைத் தெளித்துவிட்டு நெருப்பில் காட்டினால் பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும். மண்ணெண்ணெய்ச் சோதனைக்குப் பிறகு கொக்கியைச் சோப்புநீரில் கழுவினாலே போதும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது தானே வெப்பத்தை வெளிவிடுவதால், சுருண்ட துணிக்குள் வெப்பம் தேங்கித் தீப்பிடிக்கும். திறந்தவெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.